கணக்குத் தீர்த்து வழியனுப்புவோம்



ஊரிலிருந்து ஓர் ஆளை வரவழைக்க நாம் படும் பாடு கொஞ்சமல்ல. கோட்டாவுக்கு மனுச் செய்கிறோம், லெவி கட்டுகிறோம், மருத்துவச் சோதனைக்கு அழைத்துச் செல்கிறோம், விமான நிலையத்தில் நள்ளிரவில் காத்து நிற்கிறோம். அதே ஆள் ஐந்தாறு ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பும் நாளிலோ, ஒரு பெட்டி, இரண்டு பைக்கட்டு மைலோ, கையில் கொஞ்சம் பணம், "போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல் தம்பி" என்ற ஒரு வார்த்தை, இவ்வளவோடு நம் கடமை தீர்ந்தது என்று கருதிவிடுகிறோம்.

தவறு அங்கேதான் தொடங்குகிறது. வந்தவனுக்கு வரவுக் கணக்கு எழுதிய நாம், போகிறவனுக்குத் தீர்ப்புக் கணக்கு எழுதுவதில்லை. அவனுக்குச் சேர வேண்டிய ஹக்கு எவ்வளவு, எந்த இலாகாவுக்கு எந்த நாளுக்குள் அறிவிக்க வேண்டும், பெர்மிட்டை எப்படி ரத்துச் செய்ய வேண்டும் என்பனவற்றை அறியாமலே பல கடைகளில் ஆட்கள் அனுப்பப்படுகிறார்கள். அறியாமை சட்டத்தின் முன் சாக்காகாது. மனச்சாட்சியின் முன்னும் ஆகாது. ஆதலால் இப்பாடத்தில், அயல்நாட்டு ஊழியரின் வேலை முடியும்போது செய்ய வேண்டிய காரியங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூங்காவும் கடைவீதியும்

கூலிம் என்பது ஒரு மரத்தின் பெயர். ஆயினும் தமிழனின் காதில் அப்பெயரைக் கேட்டவுடன் 'கூலி' என்ற சொல்லே ஒலிக்கிறது. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் நம் முன்னோர் கூலிக்கு உழைத்த காலம் ஒன்று. இன்று உலகத்தின் பல திசைகளிலிருந்தும் ஆட்கள் சம்பளத்துக்கு வந்து சேரும் காலம் இது. 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்கா மலேசியாவின் முதல் உயர்தொழில்நுட்பப் பூங்காவாகும். இன்டெல் அங்கே இருக்கிறது. ஜெர்மானிய நிறுவனமான இன்பினியோன் 2006-இல் தன் ஆலையைத் திறந்து, 2024 ஆகஸ்டில் அதனைப் பெரிதாக விரிவாக்கியது. ஆஸ்திரிய நாட்டு ஏ.டி. அண்ட் எஸ். நிறுவனமும் 2024-இல் ஆலை திறந்தது.

பூங்காவுக்குள் இருவகை அயல்நாட்டார் உழைக்கின்றனர். ஒரு வகையினர் பொறியாளர்களும் நிபுணர்களுமாகிய உத்தியோகஸ்தர். இவர்கள் 'எம்ப்ளாய்மெண்ட் பாஸ்' என்னும் உத்தியோக அனுமதியில் வந்தவர்கள். மற்ற வகையினர் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளர். இவர்கள் தற்காலிக வேலை அனுமதியில், அதாவது நாம் 'பெர்மிட்' என்று சொல்லும் பி.எல்.கே.எஸ். சீட்டில் வந்தவர்கள். பூங்காவுக்கு வெளியே கூலிம் பட்டணத்திலும், லூனாசிலும், பாடாங் செராயிலும், சுங்கை பட்டாணியிலும் இருக்கும் நம் சாப்பாட்டுக் கடைப் பண்டாரியும், தே தாரிக் ஆற்றும் தம்பியும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்களே. ஆக, பெரும் ஆலையின் முதலாளிக்கும் நாலு மேசை போட்ட கடைக்காரருக்கும் சட்டம் ஒன்றுதான். ஆலைக்காரருக்கு வக்கீலும் மனிதவளக் குமாஸ்தாவும் உண்டு. நமக்கு நாமே என்பதுதான் வேற்றுமை.

பழைய பாடம்

வேலை முடிந்து ஊர் திரும்பும் கதை நமக்குப் புதிதன்று. 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகள் செலுத்திய பணத்தில் ஆட்களை வரவழைத்தது. 1930-க்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தபோது, இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேண்டும்போது வரவழைப்பதும், வேண்டாதபோது கப்பலேற்றுவதும் அக்காலத்து வழக்கம்.

பிறகு 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை பெறாதவர் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும் என்றது அது. பல்லாண்டு இந்நாட்டில் வாழ்ந்தும் நீலக் கார்டுக்கு மனுச் செய்யாமல் இருந்துவிட்ட தோட்டத் தொழிலாளர் பலர் அதனால் வேலை இழந்தனர். 1969-க்குப் பின் ஏறத்தாழ 60,000 இந்தியர் தாயகம் திரும்பினர் என்பது வரலாறு. பினாங்குத் துறையில் ரஜூலா கப்பலேறிய அக்கூட்டத்தில் நம்மவரின் உறவினரும் இருந்தனர். ஒரு காகிதத்தின் அருமையை அறியாததால் வாழ்வே திசைமாறிய கதை அது. இன்று காகிதம் நம் கையில் இருக்கிறது. அந்த ஆள் நம்மை நம்பி இருக்கிறான். அன்று நம் பெரியவர்கள் பட்ட துயரத்தை இன்று நம் கையால் வேறொருவனுக்கு உண்டாக்கலாகாது.

சட்டம் யாருக்கு?

"வேலைச் சட்டம் இந்நாட்டவருக்கு, அயல்நாட்டானுக்கு ஒப்பந்தம் மட்டுமே" என்று நம்மிற் சிலர் எண்ணுகின்றனர். இது முற்றிலும் பிழை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்று பிரித்துப் பேசுவதில்லை. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த பிறகு, சம்பளம் எவ்வளவாயினும் எல்லா ஊழியருக்கும் அது உரியது. மிகைநேரக் கூலி, வேலைநீக்க நன்மைத் தொகை போன்ற சில பகுதிகள் மட்டும் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் பெறுவோருக்குப் பொருந்தா. அப்படிப்பட்ட உத்தியோகஸ்தர் தம் ஒப்பந்தத்தில் உள்ளதைக் கேட்டுப் பெற வேண்டும்.

குறைந்தபட்சச் சம்பளமும் அவ்வாறே. 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களிலும், அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் ஐவருக்குக் குறைந்த சிறு கடைகளிலும் மாதம் 1,700 வெள்ளி என்று விதிக்கப்பட்டது. அயல்நாட்டு ஊழியருக்கும் இது பொருந்தும். கடைசிக் கணக்கு எழுதும்போது இந்த அளவுக்குக் குறைந்த சம்பளத்தை அடிப்படையாக வைத்து எழுதினால், அக்கணக்கு முதல் வரியிலேயே தவறானது.

நோட்டீஸ்

ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதப்படாவிட்டால் சட்டமே அதை வகுக்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 8 வாரம். நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு "அடுத்த மாதம் போய்விடு" என்று சொல்வது நோட்டீஸ் ஆகாது. கடையை மூடுவதாலோ ஆட்குறைப்பாலோ அனுப்புவதானால், ஒப்பந்தத்தில் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தாலும் இந்தக் கால அளவைக் குறைக்க முடியாது. நோட்டீஸ் கொடுக்க நேரமில்லையாயின், அத்தனை வாரச் சம்பளத்தையும் கையில் கொடுக்க வேண்டும்.

இக்கடமை இருபுறமும் உண்டு. ஊழியனும் விலக விரும்பினால் அதே கால அளவுக்கு முன்னறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விலகினால் அவனும் ஈடு செலுத்தக் கடமைப்பட்டவன். ஆனால் அதற்காக அவனைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் எந்த முதலாளிக்கும் இல்லை.

கடைசிக் கணக்கு: ஓர் உதாரணம்

ஒரு பண்டாரியை எடுத்துக்கொள்வோம். கடை மூடப்படுகிறது. அவருக்கு முழுமையாக ஆறு ஆண்டுச் சேவை. சென்ற பன்னிரண்டு மாதமும் சம்பளம் 1,700 வெள்ளி. 8 வார நோட்டீஸ் முறையாகக் கொடுத்தாயிற்று. அவ்வாண்டு அவருக்கு உரிய விடுமுறையில் 8 நாள் எடுக்கப்படாமல் இருக்கிறது. அவருக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு?

முதலாவது, கடைசி மாதச் சம்பளம்: 1,700 வெள்ளி.

இரண்டாவது, எடுக்காத விடுமுறைக்குப் பணம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65.38 வெள்ளி. எட்டு நாளுக்கு 523.08 வெள்ளி.

மூன்றாவது, வேலைநீக்க நன்மைத் தொகை. இதைத்தான் நம்மவரில் பலர் மறந்துவிடுகின்றனர். 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, பன்னிரண்டு மாதமாவது சேவை செய்தவருக்கு இது உண்டு. சேவை இரண்டு ஆண்டுக்குக் குறைவாயின் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் ஆண்டுக்கு 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் ஆயின் ஆண்டுக்கு 20 நாள். இங்கே ஒரு நாள் சம்பளம் என்பது கடைசிப் பன்னிரண்டு மாதத்தின் சராசரி. 1,700-ஐ 12-ஆல் பெருக்கினால் 20,400. அதை 365-ஆல் வகுத்தால் 55.89. ஆறு ஆண்டுக்கு 120 நாள். ஆக 6,706.85 வெள்ளி.

மூன்றையும் கூட்டினால் 8,929.93 வெள்ளி. பெட்டியும் மைலோவும் தந்து அனுப்பும் முதலாளிக்கு இத்தொகை திகைப்பூட்டலாம். ஆனால் இது தர்மமன்று, அன்பளிப்புமன்று, கடன். சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரிக்கு நாம் பாக்கி வைத்தால் நம் பெயர் என்னாகும்? உழைப்பைச் சரக்காகக் கொடுத்தவனுக்கும் அதே நியாயந்தான். ஒழுங்காகத் தொழில் நடத்த விரும்புகிறவர், இத்தொகைக்கென மாதந்தோறும் சிறிது ஒதுக்கி வைப்பது நல்லது. ஒரே நாளில் தேட வேண்டிய கஷ்டம் இராது.

ஒழுக்கக் கேட்டுக்காக உரிய விசாரணை நடத்தி நீக்கப்பட்டவருக்கும், தாமாகவே விலகியவருக்கும் மூன்றாவது தொகை இல்லை. கடைசிச் சம்பளமோ எவருக்கும் உண்டு.

எப்போது கொடுக்க வேண்டும்? நோட்டீஸ் முடிந்து விலகுவோருக்குச் சம்பளத்தை அந்தக் கடைசி நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். ஊழியன் நோட்டீஸ் இல்லாமல் விலகினால் மூன்று நாளுக்குள். நன்மைத் தொகைக்கு ஏழு நாள் தவணை உண்டு. லெவிப் பணம், ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் என்று சொல்லி இக்கணக்கில் கழிப்பது சட்டப்படி செல்லாது. லெவி முதலாளியே ஏற்க வேண்டியது என்பது 2018 ஜனவரி முதலான விதி.

பாஸ்போர்ட் யாருடையது?

"அவன் தொலைத்துவிடுவான், அமானிதமாக நான் வைத்திருக்கிறேன்" என்று நம்மவர் சொல்வதுண்டு. அமானிதம் என்றால் என்ன? உடையவன் தன் விருப்பத்தோடு கொடுத்து, கேட்ட கணமே திரும்பப் பெறுவது அமானிதம். கேட்டால் "இப்போது முடியாது" என்று சொல்லப்படும் பொருள் அமானிதமன்று, பறிமுதல்.

சட்டமும் இதில் கண்டிப்பானது. 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, சட்டபூர்வ அதிகாரமின்றி மற்றொருவரின் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். 2023 முதல் வேலைச் சட்டத்திலேயே கட்டாய உழைப்புக்கென ஒரு பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, வேலையிடத்தை விட்டுப் போகவொட்டாமல் தடுப்பவருக்கு 100,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு.

பாதுகாப்பு வேண்டுமானால், ஒவ்வொருவருக்கும் பூட்டுச் சாவியுடன் ஒரு சிறு பெட்டி வாங்கிக் கொடுங்கள். சாவி அவரிடமே இருக்கட்டும். இருபது வெள்ளியில் தீரும் காரியத்துக்குச் சிறை வாசலை நாடுவானேன்?

இந்த ஒழுக்கத்தைப் பூங்காவின் பெரிய நிறுவனங்கள் உலகச் சந்தையிடமிருந்து கற்றுக்கொண்டன. இன்டெல் முதலிய நிறுவனங்கள் அங்கம் வகிக்கும் மின்னணுத் தொழில் கூட்டணியொன்று, ஊழியரின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கலாகாது, வேலை தேடித் தந்த கட்டணத்தை ஊழியரிடம் வாங்கலாகாது, முறைப்படி அறிவித்து விலகுபவரைத் தண்டிக்கலாகாது என்று நெறி வகுத்திருக்கிறது. நெறியை மீறினால் நட்டம் எப்படி வரும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2020 ஜூலையில் மலேசியாவின் மிகப் பெரிய கையுறை உற்பத்தி நிறுவனமொன்றின் சரக்கைக் கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் அமெரிக்கச் சுங்க இலாகா நிறுத்தி வைத்தது. தொழிலாளரிடம் பிடித்த ஏஜெண்டு கட்டணங்களைத் திருப்பிக் கொடுத்து, குறைகளைச் சரிசெய்த பிறகே 2021 செப்டம்பரில் தடை நீங்கியது.

இலாகாக்களுக்கு அறிவித்தல்

வேலை முடிந்தது என்பதை நாமும் ஊழியனும் மட்டும் அறிந்தால் போதாது. அரசாங்கமும் அறிய வேண்டும்.

முதலில் தொழில் இலாகா. முதலாளி வேலையை முடித்தாலும், அனுமதிக் காலம் தீர்ந்தாலும், ஆள் தாயகம் அனுப்பப்பட்டாலும், 30 நாளுக்குள் தலைமை இயக்குநருக்கு அறிவிக்க வேண்டும். ஊழியன் தானே விலகினாலோ சொல்லாமல் ஓடிப்போனாலோ 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும்.

இங்கே நெஞ்சில் கைவைத்து ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பளப் பாக்கியைக் கேட்டு வாயைத் திறந்த ஊழியனை, "ஓடிப்போனான்" என்று எழுதிக் கொடுத்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த ஒரு காகிதம் நேற்றுவரை சட்டப்படி உழைத்தவனை இன்று கள்ளக் குடியேறி ஆக்கிவிடுகிறது. அவன் தெருவில் நடக்க அஞ்சுகிறான். மருத்துவமனைக்குப் போக அஞ்சுகிறான். நியாயம் கேட்டுத் தொழில் இலாகாப் படியேறவும் அஞ்சுகிறான். சில நூறு வெள்ளிக்காக ஒரு மனிதனின் பெயரை அழிப்பது வியாபாரம் ஆகாது.

அடுத்தது வருமான வரி இலாகா. நாட்டை விட்டு மூன்று மாதத்துக்கு மேல் போகப் போகும் ஊழியரைப் பற்றி, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னதாக 'சி.பி. 21' பாரத்தில் முதலாளி தெரிவிக்க வேண்டும். தெரிவித்தபின், வரித் தீர்வுக் கடிதம் வரும்வரை, அல்லது 90 நாள் வரை, அவருக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். உத்தியோக அனுமதியில் இருக்கும் பொறியாளர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்கின்றனர். கடைசி வாரத்தில் பாரம் கொடுத்தால் கடைசிச் சம்பளம் முடங்கிப்போகும். ஊழியர் ஊருக்குப் போன பிறகும் பணத்துக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். வேலைச் சட்டம் கடைசி நாளில் கொடு என்கிறது. வரிச் சட்டம் நிறுத்தி வை என்கிறது. இரண்டையும் இணக்கும் வழி ஒன்றே: நோட்டீஸ் கொடுத்த வாரத்திலேயே பாரத்தையும் கொடுத்துவிடுவது. ஓர் ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாகத் தங்கியவர் பொதுவாக நாட்டில் வசியாதவர் என்று கணக்கிடப்பட்டு 30 சதவீத வரிக்கு உள்ளாகலாம் என்பதையும், புறப்படும் தேதியைக் குறிக்கும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது குடிநுழைவு இலாகா. பெர்மிட்டில் வந்த தொழிலாளருக்கு, முதலாளி பாஸ்போர்ட்டும் விமானச் சீட்டும் காட்டி 'செக் அவுட் மெமோ' என்னும் வெளியேற்றக் குறிப்பைப் பெற வேண்டும். அக்குறிப்போடு, குறித்த நாளுக்குள் ஊழியர் நாட்டை விட்டு வெளியேறினால்தான் பெர்மிட் முறையாக ரத்தாகும். நாம் கட்டிய பிணைப் பணத்துக்கும் அப்போதுதான் விடுதலை. உத்தியோக அனுமதியில் இருப்போரின் சீட்டை ரத்துச் செய்வது அல்லது காலத்தைச் சுருக்குவது வேறு பிரிவின் வேலை. அதற்கு வரித் தீர்வுக் கடிதமும் கேட்கப்படும். அவருடைய மனைவி மக்களின் அனுமதியும் அவர் அனுமதியோடு கட்டப்பட்டது. பிள்ளையின் பள்ளிக்கூடப் பருவத்தையும் பார்த்துத் தேதி குறிப்பது மனிதாபிமானம்.

பெர்மிட் காலாவதியான பின்னும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆளை வைத்திருப்பவர் இரண்டு பேரைக் குழியில் தள்ளுகிறார். காலம் கடந்து தங்கியவருக்குக் குடிநுழைவுச் சட்டப்படி 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ, ஐந்து ஆண்டு வரை சிறையோ உண்டு. சீட்டில்லாதவரை வேலைக்கு வைத்த முதலாளிக்கு ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை. ஐவருக்கு மேற்பட்டால் பிரம்படியும் சேரும். நம் கடையில் வேலை குறைந்ததென்று, அடுத்த தெருவிலுள்ள தம்பி கடைக்கு ஆளைக் 'கைமாற்றாக' அனுப்புவதும் அனுமதி நிபந்தனையை மீறியதாகும். பெர்மிட் ஒரு முதலாளிக்கும் ஒரு தொழிலுக்கும் உரியது, உறவுக்கு உரியதன்று.

ஏற்கெனவே சீட்டிழந்து தவிப்போருக்கு, அரசாங்கம் அவ்வப்போது சிறு அபராதத்தோடு ஊர் திரும்பும் வாய்ப்பை அளிக்கிறது. 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை நடந்த திட்டத்தில், காலம் கடந்து தங்கியோர் 500 வெள்ளி செலுத்தி வழக்கின்றி வெளியேற முடிந்தது. அடுத்து 2025 மே மாதத்தில் மீண்டும் அத்தகைய திட்டம் தொடங்கியது. இவற்றுக்கு முடிவுத் தேதி உண்டு. ஆதலால் இலாகாவிலேயே நேரில் கேட்டறிய வேண்டும், இடைத்தரகரிடம் அன்று.

சேம நிதியும் சொக்சோவும்

ஊழியர் சேம நிதி 1951-இல் ஏற்பட்டது. அயல்நாட்டு ஊழியருக்கு அது நெடுங்காலம் விருப்பத்தைப் பொறுத்ததாயிருந்தது. 2025 அக்டோபர் மாதச் சம்பளம் முதல், வீட்டுப் பணியாளர் நீங்கலாக, அவர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஊழியர் 2 சதவீதம், முதலாளி 2 சதவீதம். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் ஏறத்தாழ ஆளுக்கு 34 வெள்ளி. வேலை முடிந்து தாயகம் திரும்பும்போது ஊழியர் இதனைத் திரும்பப் பெறலாம். இப்பணம் வங்கிக் கணக்குக்கே வரும் ஆதலால், எல்லாவற்றையும் முடித்த பிறகே வங்கிக் கணக்கை மூட வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

நியமனம் எழுதாதவரை உடனே எழுதச் சொல்லுங்கள். முஸ்லிம் ஊழியர் எழுதும் நியமனத்தில் பெயர் குறிக்கப்படுபவர் பணத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். பெற்று, பராயிள் முறைப்படி வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளரே அவர். இதை அவருடைய குடும்பத்தாருக்கும் தெரிவித்து வைப்பது பின்னால் வரும் சச்சரவைத் தவிர்க்கும்.

சொக்சோவைப் பொறுத்தவரை, 2019 ஜனவரி 1 முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் வேலை விபத்துப் பாதுகாப்பில் சேர்க்கப்பட்டனர். 2024 ஜூலை முதல் இயலாமைத் திட்டமும் அவர்களுக்கு விரிவாக்கப்பட்டது. கையில் எண்ணெய் கொட்டிப் புண்பட்டவரை, அதற்குரிய கோரிக்கையை எழுதாமலே விமானம் ஏற்றிவிட்டால், அவருக்கு உரிய நன்மையை நாம் மறைத்தவர்களாவோம்.

ஊழியருக்கு உள்ள வழி

நம் கடையில் உழைப்பவரும் இப்பகுதியைப் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு நாமே படித்துக் காட்டுவோம். ஹக்கை மறைப்பதால் முதலாளி பெரியவராவதில்லை.

சம்பளப் பாக்கி இருந்தால் அருகிலுள்ள தொழில் இலாகா அலுவலகத்தில் முறையிடலாம். இலாகா விசாரித்து உத்தரவிடும். நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர், 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். அயல்நாட்டவருக்கும் இவ்வுரிமை உண்டு என்பதை 2020-இல் கூட்டரசு நீதிமன்றம் தெளிவாக்கியது. சைபர்ஜெயாவில் ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு வேலை பார்த்த ஓர் அயல்நாட்டு நிபுணரின் வழக்கு அது. தவணை ஒப்பந்தம் என்று காகிதத்தில் எழுதியிருப்பதால் மட்டும் அது தவணை வேலை ஆகிவிடாது, வேலையின் உண்மைத் தன்மையைப் பார்க்க வேண்டும், வேலை அனுமதி தேவைப்படுகிறது என்பதாலேயே ஒருவரின் பாதுகாப்புக் குறைந்துவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆயினும் இவ்வுரிமையில் ஒரு முள் இருக்கிறது. அனுமதி ரத்தான பின் ஊழியர் இங்கே தங்குவதற்குக் குடிநுழைவு இலாகாவின் சிறப்பு அனுமதி வேண்டும். அதில் தங்கலாம், வேலை செய்ய முடியாது. வருமானமின்றி எத்தனை மாதம் வழக்காட இயலும்? நியாயம் கேட்பதற்கு முன்பே பலர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுகின்றனர். அவர்களுடைய மௌனத்தை நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாகாது.

நம் பிள்ளைகளும் அயலாரே

நம் உறவினர் பிள்ளைகள் துபாயிலும் ரியாதிலும் உழைக்கின்றனர். அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சட்டம், முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், பின்னர் ஆண்டுக்கு 30 நாளும் சேவைப் பணமாகக் கொடுக்கச் சொல்கிறது. எல்லாப் பாக்கியையும் 14 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது. சவூதியில் 2021 மார்ச் முதல், தனியார் துறை ஊழியர் பெரும்பாலோர் முதலாளியின் சம்மதமின்றியே வெளியேறும் அனுமதிக்கு மனுச் செய்ய முடிகிறது. அங்கே ஒரு கபீல் நம் பிள்ளையின் பாஸ்போர்ட்டைத் தர மறுத்தான் என்று கேள்விப்பட்டால் நம் நெஞ்சு கொதிக்கிறது. அதே கொதிப்பு, நம் கடைப் பண்டாரியின் தாயாருக்கும் இராமநாதபுரத்திலோ நாகப்பட்டினத்திலோ இருக்கும் அல்லவா? வியர்வை உலருமுன் கூலி என்பதைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கேட்டது காதோடு நின்றுவிட்டால் என்ன பயன்?

செய்ய வேண்டியவை, வரிசையாக

ஆள் போவதென்று முடிவானதும், ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

1. எழுத்தில் நோட்டீஸ், ஒரு பிரதி ஊழியருக்கு.

2. அதே வாரத்தில் வருமான வரிப் பாரம்.

3. சம்பளம், விடுமுறை, நன்மைத் தொகை ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் கணக்குச் சீட்டு. ஊழியருக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டியபின் கையொப்பம்.

4. பணம் வங்கி வழியாக; ரொக்கமாயின் சாட்சியோடு.

5. சேம நிதி, சொக்சோ கோரிக்கைகள்.

6. விமானச் சீட்டு, வெளியேற்றக் குறிப்பு. பாஸ்போர்ட் ஊழியர் கையில்.

7. தொழில் இலாகாவுக்கு அறிவிப்பு. எல்லாப் பிரதிகளும் ஒரு கோப்பில்.

8. சேவைச் சான்றிதழ். ஆறு ஆண்டு உழைத்தவருக்கு அடுத்த வேலை தேட இந்த ஒரு தாள் பேருதவி.

ஊர் சேர்ந்தபின் தமிழ்நாட்டு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தை அணுகலாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

சகோதரர்களே, ஒரு கடையின் நற்பெயர் அதன் பலகையில் இல்லை; அங்கே உழைத்துவிட்டு ஊர் திரும்பியவனின் வாயில் இருக்கிறது. அவன் ஊர்ப் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து, "கூலிமில் ஒரு முதலாளியிடம் வேலை பார்த்தேன், கடைசிக் காசு வரை எண்ணிக் கொடுத்து, விமானம் ஏறும்வரை கூடவே நின்றார்" என்று சொன்னால், அடுத்த முறை நமக்கு ஆள் வேண்டும்போது ஏஜெண்டே தேவைப்படாது. அந்தச் சொல்லைச் சம்பாதிப்போம்.